ஆறு மாத்திரையும் ஒரே மாத்திரை அல்ல

மதுரை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 54. கணவர் இறந்த பிறகு தனியாளாக ஒரு டிபன் கடையை நடத்தி, மகனைப் படிக்கவைத்து, சென்ற வைகாசியில் மகளுக்குத் திருமணமும் முடித்தவர். ஆறு ஆண்டுகளாக இரத்த அழுத்தத்துக்கு ஊரிலுள்ள சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு வந்திருக்கிறார். கடந்த கார்த்திகையில், விடியற்காலையில் கடையில் மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சை அழுத்துவதுபோல் வலி வந்து, மாரடைப்பு என்று கண்டறியப்பட்டு, அன்றே ஆஞ்சியோ செய்து ஒரு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து நாளொன்றுக்கு ஆறு மாத்திரை.

திருமண வாரத்தில் அவர் ஆறையும் நிறுத்திவிட்டார். காரணங்களை அவரே வரிசையாகச் சொல்கிறார்: மகன் வாங்கித் தந்த கருவியில் அழுத்தம் 116/74 என்று காட்டியது, எதிர்வீட்டுக்காரர் பல வருடம் பிரஷர் மாத்திரை சாப்பிட்டு இப்போது டயாலிசிஸில் இருக்கிறார், கணுக்கால் வீங்குகிறது, கெண்டைக்கால் வலிக்கிறது, கையில் எங்கே இடித்தாலும் நீலம் பூக்கிறது, குனிந்து நிமிர்ந்தால் தலை சுற்றுகிறது. நிறுத்திய முதல் நான்கு நாள் அழுத்தம் 125-ஐத் தாண்டவில்லை. "ஒரு மாத்திரையும் இல்லாமலே நார்மல் என்றால் இத்தனை மாதம் எதற்காகச் சாப்பிட்டேன்?" என்று கேட்கிறார். மூன்றாம் நாளிலிருந்து ஒரு படபடப்பு இருந்திருக்கிறது. கல்யாணப் பதற்றம் என்று விட்டுவிட்டார். ஒன்பதாம் நாள் மண்டபத்து மாடிப்படி ஏறும்போது நெஞ்சு இறுகியது. அளந்து பார்த்தால் 162/98. பயந்துபோய் "பிரஷர் மாத்திரைகளை" மட்டும் தாமாகவே மறுபடி தொடங்கினார். ஆஸ்பிரினையும் சேர்த்துக்கொண்டார். இரத்தக்கட்டியைத் தடுக்கும் குளோபிடோக்ரெல், கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாடின் ஆகிய இரண்டையும் "அவை பிரஷருக்கு இல்லையே" என்று விட்டுவிட்டார். மாத்திரை அட்டைகளைப் படம் எடுத்தும் அனுப்பியிருக்கிறார்.

அவருடைய கேள்விகள் இவை: ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டுமா, கிட்னி கெடுமா, மருதம்பட்டைக் கஷாயத்துக்கு மாறலாமா, விலை குறைந்த மாத்திரை வேலை செய்யுமா.

கடிதத்தின் அடியில் மகனுடைய எண் இருந்தது. இதழில் பதில் வரும்வரை காத்திருக்கக் கூடிய கடிதம் இல்லை என்பதால் அன்றே பேசிவிட்டேன். அன்று மாலை ஸ்டென்ட் வைத்த மருத்துவமனைக்குப் போய், இ.சி.ஜி. எடுத்து, விட்டுப்போன இரண்டையும் மருத்துவர் சொன்னபடி திரும்பத் தொடங்கியிருக்கிறார். அவருடைய சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, பதிலை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

அம்மா,

நீங்கள் செய்ததைக் கண்டிப்பதற்காக இதை எழுதவில்லை. கால் வீக்கம், வலி, தலைசுற்றல், எதிர்வீட்டில் ஒரு டயாலிசிஸ் நோயாளி, வீட்டில் ஒரு கல்யாணம். இவ்வளவும் ஒன்றாகச் சேர்ந்தால் மருத்துவராகிய நானும் மாத்திரை டப்பாவைச் சந்தேகமாகத்தான் பார்த்திருப்பேன். உங்கள் தொந்தரவுகளில் ஒன்றுகூடக் கற்பனை அல்ல. சிலவற்றுக்கு மாத்திரையே காரணம். தவறு எங்கே நேர்ந்தது என்றால், ஆறையும் ஒரே மூட்டையாகக் கட்டி "மாத்திரை" என்று பெயர் வைத்தீர்கள், மூட்டையாக நிறுத்தினீர்கள், பிறகு மூட்டையைப் பிரித்தபோது, எது அழுத்தத்தைக் குறைக்கிறது என்ற ஒரே அளவுகோலை வைத்துப் பிரித்தீர்கள். ஒவ்வொன்றுக்கும் வேலை வேறு, எவ்வளவு காலம் என்பது வேறு, நிறுத்தும் முறையும் வேறு.

நிறுத்திய பிறகும் நான்கு நாள் நார்மலாக இருந்தது எப்படி?

கடையில் அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல்லில் இரண்டு தோசை வேகும். அதனால் அடுப்பே தேவையில்லை என்று நீங்கள் சொல்லமாட்டீர்கள். உங்கள் அழுத்த மாத்திரையில் உள்ள அம்லோடிபின் என்ற மருந்து அப்படிப்பட்டது. இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். அந்தப் பாதி மறுபடி பாதியாக இன்னும் அவ்வளவு நேரம். ஆகவே நான்காம் நாளில் நீங்கள் பார்த்த 125, மாத்திரை இல்லாத அழுத்தம் அல்ல. போன வாரத்து மாத்திரையின் மிச்சச் சூடு. அது ஆறியபோது தெரிந்த 162/98 தான் மருந்தில்லாத நிலைக்கு நெருங்கிய எண். அதேபோல் மாத்திரை சாப்பிடும்போது வந்த 116/74 நோய் போய்விட்டது என்பதற்கான சான்று இல்லை. மருந்து வேலை செய்கிறது என்பதற்கான சான்று.

மூன்றாம் நாள் படபடப்புக்குக் கல்யாணத்தைக் குற்றம் சொல்ல வேண்டாம். மெட்டோப்ரோலால் என்று ஓர் அட்டை இருக்கிறது அல்லவா, அது இதயத்தின் துடிப்பை நிதானப்படுத்துவது. பல மாதம் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால், அதுவரை அடக்கிவைத்த துடிப்பு முன்னைவிட வேகமாக எழும். இதய இரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவர்களுக்கு அதனால் நெஞ்சுவலியும், சிலருக்கு மாரடைப்பும்கூட வந்திருக்கிறது. இந்த மாத்திரையை நிறுத்தவே கூடாது என்பதில்லை. நிறுத்துவதானால் ஓரிரு வாரங்களில் படிப்படியாக, மருத்துவர் பார்வையில் குறைக்க வேண்டும்.

ஆபத்தில் முதலிடம் எதற்கு?

உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது என் கை நின்ற இடம் 162/98 அல்ல. குளோபிடோக்ரெலை மூன்று வாரத்துக்கு மேல் விட்டிருந்தீர்கள் என்ற வரிதான்.

ஸ்டென்ட் என்பது குழாயைத் திறந்துவைக்கும் ஒரு கம்பி வலை. புதிதாக வைத்த வலையின் மேல் உங்கள் குழாயின் உட்தோல் மெல்லப் படர்ந்து மூட மாதக்கணக்கில் ஆகும். அதுவரை இரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் அந்தக் கம்பியில் ஒட்டிக் கட்டியாகலாம். அப்படி ஆனால் குழாய் மெல்ல அல்ல, ஒரேயடியாக அடைபடும். அதுவும் ஒரு பெரிய மாரடைப்பு. இதைத் தடுக்கத்தான் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் என இரண்டு காவல். இரண்டும் தட்டணுக்களை வெவ்வேறு வழியில் தடுப்பதால், ஒன்று இருக்கிறதே என்று இன்னொன்றை விட முடியாது. மாரடைப்புக்குப் பிறகு ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு இந்த இரட்டைக் காவல் வழக்கமாக 12 மாதம். இரத்தக் கசிவு அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு மருத்துவர் அதைக் குறைப்பதும் உண்டு. உங்களுக்கு ஏழு மாதம் ஆகியிருக்கிறது.

கையில் பூக்கும் நீலம் இந்த மருந்தின் விளைவுதான். சிறு சிறு நீலங்களோடு நாம் வாழ்ந்துகொள்ளலாம். மலம் தார்போலக் கறுத்துப் போனாலோ, வாந்தியில் இரத்தம் வந்தாலோ, பல் ஈறிலோ மூக்கிலோ வரும் இரத்தம் நிற்காவிட்டாலோ, தலையில் அடிபட்டாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பல் பிடுங்குவதாக இருந்தால், பல் மருத்துவர் நிறுத்தச் சொன்னாலும் இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். பெரும்பாலான பல் சிகிச்சைகளை மருந்தை நிறுத்தாமலே செய்ய முடியும்.

அட்டைகளின் படத்தில் நான் கண்டது

தொலைபேசியில் பேசியபோது இதை நான் கவனிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அன்று இரவு படத்தைப் பெரிதாக்கி, அட்டையின் பின்புறத்துச் சிறிய எழுத்துகளைப் படித்தபோதுதான் தெரிந்தது. மருத்துவமனை எழுதித் தந்த ஒரு மாத்திரை, டெல்மிசார்டன் 40 மி.கி., அம்லோடிபின் 5 மி.கி. இரண்டும் சேர்ந்தது. ஆறு ஆண்டுகளாக நீங்கள் வாங்கிவந்த பழைய வெள்ளை மாத்திரையும் அம்லோடிபின் 5 மி.கி. தான். பெயர் வேறு, நிறம் வேறு, உள்ளே இருப்பது ஒன்று. புதியது வந்த பிறகு பழையதை விட வேண்டும் என்று உங்களிடம் யாரும் சொல்லவில்லை. பழையது இருக்கிறது என்று நீங்களும் அங்கே சொல்லவில்லை. ஏழு மாதமாக நாளொன்றுக்கு 10 மி.கி. உள்ளே போயிருக்கிறது.

10 மி.கி. தடைசெய்யப்பட்ட அளவு அல்ல. தேவைப்படுவோருக்கு நாங்களே தருகிறோம். ஆனால் கணுக்கால் வீக்கம் இந்த மருந்தின் நன்கு தெரிந்த விளைவு. அளவு கூடக் கூட அது கூடும். மருந்து நுண்ணிய தமனிகளை விரிப்பதால் இரத்தத்தின் நீர்ப்பகுதி சுற்றியுள்ள திசுவில் கசிகிறது. காலை நான்கு மணியிலிருந்து கல்லுக்கு முன் நிற்கும் காலில் அது மாலையில் தேங்குகிறது. இந்த வீக்கத்துக்கும் கிட்னிக்கும் தொடர்பில்லை. நீர் போகும் மாத்திரையாலும் இது சரியாக வடியாது; அளவைக் குறைத்தால் வடியும். குனிந்து நிமிரும்போது வரும் தலைசுற்றலும் பெரும்பாலும் இதனோடு சேர்ந்ததாகவே இருக்கும்.

ஆகவே ஆறு மாத்திரை அதிகம் என்ற உங்கள் உணர்வு ஓரளவு சரிதான். ஆனால் விட வேண்டிய ஒன்றை வைத்துக்கொண்டு, வைத்திருக்க வேண்டிய இரண்டை விட்டீர்கள். மறுநாளே மகனிடம் இதைச் சொன்னேன். பழைய அட்டையை நிறுத்துவது பற்றி உங்கள் மருத்துவர்தான் முடிவெடுக்க வேண்டும். அதற்குப் பிறகு இரண்டு வாரம் அழுத்தத்தைக் குறித்துவர வேண்டும்.

என் அறைக்கு வருபவர்களிடம் மருந்துச் சீட்டைக் கேட்பதைவிட, வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் மஞ்சப்பையில் போட்டு எடுத்துவரச் சொல்வேன். மேசைமேல் பையைக் கவிழ்த்தால் சீட்டில் இல்லாத இரண்டு அட்டையாவது எப்போதும் விழும். மூட்டுவலி மாத்திரை, கேஸ் மாத்திரை, மருமகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய ஏதோ ஒரு டப்பா. அடுத்த முறை நீங்களும் அப்படியே போங்கள். சிகிச்சை விவரங்களின் நகலைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு; கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளே சொல்கின்றன. கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்க வேண்டாம்.

கிட்னி பற்றிய பயம்

எதிர்வீட்டுக்காரரைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். டயாலிசிஸ் அறையில் படுத்திருப்பவர்களில் பெரும்பாலானோர் கையில் பிரஷர் மாத்திரை இருக்கும். பார்ப்பவர்கள் மாத்திரையால் கிட்னி போனது என்று முடிவு கட்டுகிறார்கள். தீயணைப்பு வண்டி நிற்கும் இடத்திலெல்லாம் வீடு எரிகிறது, ஆகவே வண்டிதான் கொளுத்தியது என்பதைப் போன்றது அது. கட்டுப்படாத இரத்த அழுத்தமும் சர்க்கரையும்தான் சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகளைச் சிதைப்பவை. டெல்மிசார்டன் போன்ற மருந்துகள், சிறுநீரில் புரதம் கசியும் நோயாளிகளுக்குச் சிறுநீரகத்தைக் காப்பதற்காகவே தரப்படுகின்றன.

அதற்காக அதைக் கண்காணிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த வகை மருந்தைத் தொடங்கும்போதும் அளவைக் கூட்டும்போதும், ஓரிரு வாரத்தில் இரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) பொட்டாசியமும் பார்க்க வேண்டும். பிறகு ஆண்டுக்கு ஓரிரு முறை. தொடக்கத்தில் கிரியாட்டினின் சற்று ஏறுவது எதிர்பார்த்ததுதான். முன்பிருந்ததைவிட 30 சதவீதத்துக்கு மேல் ஏறினால்தான் யோசிப்போம். கடும் வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்து உடம்பில் நீர் வற்றிய நாள்களில் இந்த மாத்திரையைத் தொடர்வதா என்று மருத்துவரைக் கேளுங்கள். அந்த நேரத்தில்தான் இது சிறுநீரகத்துக்குச் சுமையாகும்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: முழங்கால் வலிக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் மெடிக்கலில் டைக்ளோபெனாக் வாங்கிப் போட்டுக்கொள்வதாக. அம்மா, கிட்னிக்காகப் பயப்பட வேண்டிய மாத்திரை உங்கள் வீட்டில் உண்டென்றால் அது இதுதான். இந்த வகை வலி மாத்திரைகள் இரத்த அழுத்தத்தை ஏற்றும். டெல்மிசார்டனோடு சேரும்போது சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெலோடு சேரும்போது வயிற்றில் இரத்தக் கசிவை வரவழைக்கும். மாரடைப்பு வந்தவருக்கு இன்னொரு மாரடைப்பின் வாய்ப்பையும் கூட்டும். வலி தாங்காத நாளில் பாராசிட்டமால் போதும். முழங்காலுக்குத் தொடை தசைப் பயிற்சி, கடையில் ஒரு முக்காலி, களிம்பு பற்றி மருத்துவரோடு பேசலாம். கேஸ் மாத்திரை என்று ஒமிப்ரசோலைக் கேட்டு வாங்குவதையும் விடுங்கள். குளோபிடோக்ரெல் உடலில் வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவதை அது தடுக்கிறது. வயிற்றுப் பாதுகாப்புக்கு வேண்டுமென்றால் பான்டோப்ரசோல் எழுதித் தருவார்கள்.

கெண்டைக்கால் வலியும் கொழுப்பு மாத்திரையும்

அட்டோர்வாஸ்டாடினை நீங்கள் விட்டதற்குக் கால்வலியும் ஒரு காரணம். தசைவலி இந்த மருந்தால் வரக்கூடியதுதான். ஆனால் நினைப்பதைவிட மிகக் குறைவு. லண்டனில் ஒரு சுவாரசியமான ஆய்வு நடந்தது, 2020-இல் வெளியானது. பக்கவிளைவு தாங்காமல் இந்த வகை மாத்திரையை நிறுத்திய 60 பேருக்கு 12 புட்டிகளைக் கொடுத்தார்கள்: நான்கில் உண்மையான மருந்து, நான்கில் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை, நான்கு காலி. மாதம் ஒன்றாக, எது எது என்று சொல்லாமல் சாப்பிட வைத்தார்கள். மருந்து உள்ள மாதங்களில் இருந்த தொந்தரவில் 90 சதவீதம், வெறும் மாத்திரை மாதங்களிலும் இருந்தது. வலி பொய் என்று இதற்குப் பொருள் இல்லை. வலி உண்மை, காரணம்தான் பெரும்பாலும் வேறு. ஆய்வின் முடிவைக் காட்டியதும் அவர்களில் பாதிப் பேர் மருந்தைத் திரும்பத் தொடங்கினார்கள்.

உங்கள் காலில் வீக்கம் இருக்கிறது, பத்து மணி நேரம் நிற்கிறீர்கள். முதலில் வீக்கம் வடியட்டும். அதன் பிறகும் இரண்டு தொடையிலும் இரண்டு தோளிலும் ஒருசேர வலி இருந்தால், இரத்தத்தில் தசை நொதியை அளந்து பார்த்து, அளவைக் குறைக்கவோ வேறொன்றுக்கு மாற்றவோ வழி இருக்கிறது. சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் மட்டும் காத்திருக்க வேண்டாம். கொழுப்பு அளவு நார்மலாக இருக்கிறதே என்று இதை விடுவதும் சரியில்லை. குழாய்ச் சுவரில் ஏற்கெனவே படிந்திருக்கும் கொழுப்புப் படலம் வெடிக்காமல் உறுதிப்படுவதற்கும் இது வேண்டும்.

மருதம்பட்டை

சித்த மருத்துவத்தை இளப்பமாகப் பேசும் வழக்கம் எனக்கு இல்லை. இரத்த அழுத்தத்துக்கு உலகம் பயன்படுத்திய தொடக்ககால மருந்துகளில் ஒன்று நம் நாட்டுச் செடியான சர்ப்பகந்தாவின் வேர்தான். பம்பாயைச் சேர்ந்த மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் அதைப் பற்றி 1949-இல் ஒரு பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதிய பிறகுதான் மேற்கு நாடுகள் அதைத் திரும்பிப் பார்த்தன. அழுத்தத்தை அது உண்மையாகவே குறைத்தது. கூடவே சிலரைக் கடுமையான மனச்சோர்வில் தள்ளியது. வேலை செய்யும் எதற்கும் விளைவு உண்டு, பக்கவிளைவும் உண்டு. ஆங்கில மருந்து என்று நாம் சொல்லும் மருந்தின் அளவு அட்டையில் எழுதியிருக்கிறது; கஷாயத்தில் எழுதியிருப்பதில்லை. வேறுபாடு அவ்வளவுதான்.

மருதம்பட்டையை இதயத்துக்காகச் சிறிய அளவில் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் ஸ்டென்ட் வைத்தவருக்குக் குளோபிடோக்ரெலுக்கு மாற்றாக அது நிற்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. மாற்றாக வேண்டவே வேண்டாம். கூடுதலாகச் சாப்பிட விரும்பினால் பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் ஆறு மாத்திரைகளின் பெயரையும் காட்டுங்கள். இதய மருத்துவரிடமும் கஷாயத்தை மறைக்காதீர்கள். இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். அதிமதுரம் அதிகமாகச் சேர்ந்த லேகியமும் சூரணமும் இரத்த அழுத்தத்தை ஏற்றி, பொட்டாசியத்தை இறக்கும். பூண்டு, குழம்பில் எவ்வளவு வேண்டுமானாலும் போடுங்கள். பச்சையாகப் பத்துப் பல் விழுங்குவதும் பூண்டு மாத்திரையும் இரட்டைக் காவல் மருந்தோடு சேர்ந்தால் இரத்தக் கசிவைக் கூட்டலாம்.

ஆயுள் முழுக்கவா?

இதற்கு ஒரே பதில் கிடையாது என்பதால்தான் மூட்டையைப் பிரிக்கச் சொன்னேன். குளோபிடோக்ரெல் ஆயுள் முழுக்க இல்லை. வரும் கார்த்திகையில் மருத்துவர் நிறுத்தச் சொல்வார் என்று எதிர்பார்க்கலாம். அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். அவர் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். ஆஸ்பிரினும் அட்டோர்வாஸ்டாடினும் பெரும்பாலும் ஆயுள் முழுக்க. மெட்டோப்ரோலால் விஷயத்தில் மருத்துவ உலகமே இப்போது விவாதித்துக்கொண்டிருக்கிறது: மாரடைப்புக்குப் பிறகும் இதயத்தின் பம்ப் திறன் 50 சதவீதமோ அதற்கு மேலோ இருப்பவர்களுக்கு இது பலன் தரவில்லை என்று 2024-இல் வெளியான, பெரும்பாலும் ஸ்வீடனில் நடந்த ஆய்வு சொன்னது, அதன் பிறகு வந்தவை எல்லாம் அதை அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. உங்கள் எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கையில் அந்த எண் என்ன என்று கேட்டு, இது எத்தனை காலத்துக்கு என்று பேசுங்கள். நியாயமான கேள்வி அது.

அழுத்த மாத்திரையின் அளவு நீங்கள் உப்பையும் எடையையும் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு கிலோ எடை குறைந்தால் மேல் அழுத்தம் ஏறத்தாழ ஒரு புள்ளி குறையும். உலகச் சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு எடுக்கச் சொல்கிறது. அதாவது மொத்தமாக ஒரு சிறு தேக்கரண்டி. நீங்கள் சாம்பாரையும் சட்னியையும் விடியற்காலையிலிருந்து உள்ளங்கையில் விட்டு ருசி பார்ப்பவர். அந்த வேலையைக் கடைப் பையனிடம் விட்டுவிட்டாலே நல்ல தொடக்கம்; ஊறுகாயும் அப்பளமும் அடுத்தது. இந்துப்பு உடம்புக்கு நல்லது என்று நம்பி மாறியிருக்கிறீர்கள். அதுவும் ஏறக்குறைய முழுக்கச் சோடியம் உப்புதான், நிறம்தான் வேறு. "சோடியம் குறைந்த உப்பு" என்று கடைகளில் விற்பதையோ நீங்கள் வாங்கவே கூடாது. அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கிறது. டெல்மிசார்டன் ஏற்கெனவே பொட்டாசியத்தை உடலில் நிறுத்திவைக்கும் மருந்து. இரண்டும் சேர்ந்து அது மிகுந்தால் இதயத் துடிப்பே தடுமாறும்.

அளப்பது, போடுவது, வாங்குவது

மகன் வாங்கித் தந்தது மணிக்கட்டில் கட்டும் கருவி என்று தெரிகிறது. மேல்கையில் கட்டும் கருவிக்கு மாறுங்கள். பட்டை உங்கள் கைச் சுற்றளவுக்குப் பொருந்த வேண்டும். அடுப்படியிலிருந்து வந்த கையோடு அளக்க வேண்டாம். காபி குடித்து அரை மணி நேரம் போகட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். வீட்டில் அளக்கும்போது 135/85-க்கு மேல் தொடர்ந்து இருந்தால் அதிகம் என்போம். இதய நோய் உள்ள உங்களுக்கு 130/80-க்குக் கீழே வைப்பது இலக்கு, தலைசுற்றல் இல்லாமல் தாங்கினால்.

காலையில் மறந்துபோகிறது, இரவில் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக. பிரிட்டனில் 21,000-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு நடத்தி 2022-இல் வெளியிட்ட ஆய்வில், அழுத்த மாத்திரையைக் காலையில் போட்டவர்களுக்கும் மாலையில் போட்டவர்களுக்கும் மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ வேறுபாடு தெரியவில்லை. எந்த நேரம் மறக்காதோ அந்த நேரம். மறந்தால் அன்றைக்குள் நினைவு வந்ததும் போடுங்கள். மறுநாள் வேளை நெருங்கிவிட்டால் அதோடு விடுங்கள், இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம். ஆடி வெள்ளி விரதத்திலும் ஒரு வாய்த் தண்ணீரோடு மாத்திரை போடலாம்; அம்மன் கோபித்துக்கொள்ளமாட்டாள் என்று உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

கல்யாணச் செலவுக்குப் பிறகு மாதாமாதம் மருந்துச் செலவு கடினம் என்று எழுதியிருப்பதைப் புரிந்துகொள்கிறேன். விலை குறைந்த ஜெனரிக் மாத்திரையில் அதே மருந்து, அதே மில்லிகிராம். விலை ஏறுவது பெரும்பாலும் பெயராலும் விளம்பரத்தாலும். மக்கள் மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரி 24 அன்று தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் இவை கிடைக்கும். சுகாதார நிலையத்திலும், 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் அழுத்த மாத்திரைகளை இலவசமாகவே பெறலாம். ஒரே ஒரு நிபந்தனை: கடை மாறும்போது மாத்திரையின் நிறமும் வடிவமும் மாறும். அட்டையின் பின்னால் உள்ள மருந்தின் பெயரையும் அளவையும் மகனைப் படிக்கச் சொல்லி, பழைய அட்டையோடு ஒப்பிட்ட பிறகே டப்பாவில் போடுங்கள். உங்களுக்கு இரட்டை அம்லோடிபின் வந்த வழி அதுதான்.

கடைசியாக, அந்த மாடிப்படி இறுக்கம். அன்று சுக்குக் கஷாயம் குடித்துப் படுத்துக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஸ்டென்ட் வைத்தவருக்கு நெஞ்சிலோ, தாடையிலோ, இடது கையிலோ, மேல்வயிற்றிலோ இறுக்கம் வந்து, உட்கார்ந்து பத்து நிமிடத்தில் அடங்காவிட்டால், அல்லது கூடவே வியர்த்துக்கொட்டினால், அதைக் கேஸ் என்று முடிவுசெய்யும் உரிமை இ.சி.ஜி.க்கு மட்டுமே உண்டு. பெண்களுக்குச் சில நேரம் வலியே பெரிதாக இல்லாமல் மூச்சுத்திணறலும் அசதியும் குமட்டலுமாக வரும். ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போக வேண்டாம், 108-ஐ அழையுங்கள். விடியற்காலை நான்கு மணிக்குக் கடையில் உங்களோடு இருப்பது மாவு அரைக்கும் பையன் ஒருவன்தான் என்கிறீர்கள். அப்படியென்றால் அந்த எண்ணையும், ஸ்டென்ட் வைத்த மருத்துவமனையின் பெயரையும், நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதி, கல்லாப்பெட்டிக்கு மேலே சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி, அவனிடம் காட்டிவையுங்கள்.